பூசப்படாத புறச்சுவர்: வெயிலுக்கும் மழைக்கும் நடுவே ஒரு சட்டக் கேள்வி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் தொழிற்பகுதியில் இரண்டு வகைச் சுவர்கள் உள்ளன. ஆலைகள் பலவற்றின் புறச்சுவர், வண்ணம் பூசிய இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே வெப்பம் கடத்தாத நுரையை வைத்துச் செய்யப்பட்டது. உள்ளே இருக்கும் இயந்திரமும் சரக்கும் சித்திரை வெயிலில் கெட்டுவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். அதே ஆலைகளில் ஒப்பந்தத் தொழிலாளியாகவும் துப்புரவுத் தொழிலாளியாகவும் வேலை செய்வோரின் குடியிருப்புக்குள் நுழைந்தால், மேல்பூச்சு காணாத ஹாலோ பிளாக் சுவரையும், உப்புப் பூத்து உதிரும் தொகுப்பு வீட்டுச் சுவரையும், பக்க மறைப்பாகச் செருகிய சிமெண்ட் ஷீட்டையும் பார்க்கிறோம். 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கத்தக்க அறிவிப்பு அது. ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் சுவர் அப்படியே இருக்கிறது.

வீட்டுரிமை பற்றி நாம் பேசும்போது பட்டாவையும் கூரையையும் பேசுகிறோம், புறச்சுவரைப் பேசுவதில்லை. அதைப் பேச வேண்டிய காரணங்களையும், எதைத் தேர்வது, எதை மாற்றுவது, எப்படிப் பராமரிப்பது, அதற்கான செலவை யாரிடம் கேட்பது என்பதையும் இங்கே விளக்க முயல்கிறோம்.

சுவர் செய்யும் வேலை

இப்பகுதியில் மே மாத வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும். 2015 டிசம்பர் பெருமழை, 2016 டிசம்பரின் வர்தா புயல், 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் ஆகிய மூன்றையும் இந்த வட்டாரம் ஒரு தலைமுறைக்குள் கண்டுவிட்டது. எனவே இங்கே புறச்சுவருக்கு இரண்டு வேலைகள்: வெப்பத்தைத் தாமதப்படுத்துவது, நீரைத் தடுப்பது.

ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் பகல் வெப்பம் உள்ளே வருவதைப் பல மணி நேரம் தள்ளிப்போடும். நாலரை அங்குலச் சுவர் விரைவில் சூடாகும். தகரம் அடுத்த நிமிடமே சூடாகும். இரவுப் பணி முடித்துக் காலையில் படுக்கும் தொழிலாளிக்கு இந்த வேறுபாடுதான் உறக்கம். உறக்கமில்லாமல் மறுநாள் இயந்திரத்தின் முன் நிற்பவருக்கு அது விரலையும் கையையும் காக்கும் கேள்வியாகிறது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறப்பதற்கு முன் அவர் எத்தகைய சுவருக்குள் படுத்திருந்தார் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

எதைத் தேர்வது

நன்கு வெந்த செங்கல் இன்னும் நம்பகமானது. இரண்டு கற்களைத் தட்டினால் கணீரென ஒலிக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் நீரில் ஊறிய கல், தன் எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் பொது வரம்பு. வீட்டுத் தராசிலேயே இதைச் சோதிக்கலாம். அனல்மின் நிலையச் சாம்பலில் செய்யும் ஃபிளை ஆஷ் கல் அளவில் சீரானது. கலவையும் நீராற்றுதலும் சரியாக இருந்தால் நெடுநாள் நிற்கும். ஹாலோ பிளாக் விலை குறைவானது, வேலையும் விரைவில் முடியும். ஆனால் பூசாமல் விட்டால் இணைப்புகளின் வழியே நீர் உள்ளிறங்கி, கல்லின் குழிகளில் தேங்கி, மழை நின்ற பின்னும் சுவரை ஈரமாக வைத்திருக்கும். மலிவாக வாங்கிய ஹாலோ பிளாக்கின் உண்மையான விலை, வெளிப்பூச்சையும் சேர்த்த விலையே.

சிமெண்ட் ஷீட் என்று நாம் அழைக்கும் பொருளில் பெரும்பாலானவை கல்நார் கலந்தவை. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதைத் தடை செய்துவிட்டன. இந்தியா இன்னும் இறக்குமதி செய்கிறது. கல்நார்த் தொழிலாளரின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என உச்ச நீதிமன்றம் 1995-இல் கூறியது. அந்த ஷீட்டுக்குள் குடியிருப்பவரைப் பற்றி யார் கூறுவது? புதிதாகச் சுவரோ மறைப்போ அமைப்பவர்கள் இதைத் தவிர்ப்பதே நல்லது.

எதை, எப்படி மாற்றுவது

ஏற்கெனவே உள்ள கல்நார் ஷீட் உடையாமல் இருக்கும்வரை ஆபத்து குறைவு. அறுப்பதும், உலர்ந்த நிலையில் துளையிடுவதும், தேய்த்துக் கழுவுவதும்தான் இழைகளைக் காற்றில் விடுகின்றன. மாற்றும்போது ஷீட்டை நன்றாக நனைத்து, ஆணியை முறையாகக் கழற்றி, முழுதாக இறக்க வேண்டும். சாதாரணத் துணி முகத்தை மறைக்குமே தவிர இழையைத் தடுக்காது. கல்நார் இழையைத் தடுக்கும் தகுதியுள்ள முகக்கவசம் தேவை. துண்டுகளைத் தடித்த பாலித்தீனில் சுற்றிக் கட்ட வேண்டும். உடைத்துத் தெருப்பள்ளத்தை நிரப்புவது குழந்தைகளின் விளையாட்டிடத்தில் நஞ்சைக் கொட்டுவதாகும்.

பழைய மண் சுவர்களின் மேல் சிமெண்ட் பூசுவது இன்னொரு பிழை. மண் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால், உள்ளே ஈரம் தங்கி, பூச்சு பலகையாகப் பெயர்ந்து விழும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புக் கலவையே பொருந்தும்.

முழுச் சுவரையும் பூசப் பணமில்லாதபோது எங்கே தொடங்குவது? வெப்பத்துக்கு மேற்குச் சுவர், மழைக்குக் காற்று அறையும் சுவர், பிறகு தரையை ஒட்டிய இரண்டடி உயரம் என்ற வரிசையில் தொடங்கலாம். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் கோழிவலையை அடித்த பிறகே பூச வேண்டும். இல்லையேல் முதல் கோடையிலேயே விரிசல் விழும். பூசிய சுவரை ஒரு வாரமாவது நீராற்ற வேண்டும்.

பராமரிப்பு

சுவர் கெடுவது பெரும்பாலும் நீர் வரும் வழியால். சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டுவதற்கான சிறு பள்ளம் இல்லையென்றால், மழைநீர் திரும்பிச் சுவருக்கே வரும். வீட்டைச் சுற்றி வெளிப்புறம் சரிவாக ஒரு சிமெண்ட் ஓரம் போட்டால் அடிச்சுவர் தப்பும். உப்புப் பூத்த இடத்தை உலர்ந்த தூரிகையால் தேய்த்தெடுத்து, ஈரத்தின் மூலத்தை அடைத்த பிறகே மீண்டும் பூச வேண்டும். அதன் மேலேயே பெயிண்ட் அடிப்பது ஆறு மாதத்துக்கான அலங்காரம். ஆண்டுதோறும் கோடைக்கு முன் அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு, வெயிலைத் திருப்பி அனுப்பும் மலிவான வழி.

செலவு யாருடையது

இதுவரை சொன்னவை எல்லாம் பணத்தில் முடிகின்றன. அரசு வீட்டுத் திட்டங்களில் தவணை கட்டுமான நிலையை ஒட்டி வருகிறது: அடித்தளம், லிண்டல், கூரை, நிறைவு. வெளிப்பூச்சு இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. கம்பியும் சிமெண்டும் கூலியும் ஏறும்போது கழிந்துபோவது அதுவே. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தின் சமவெளிப் பகுதி அலகுத் தொகை 2016 முதல் 1.20 லட்சம் ரூபாயாகவே இருக்கிறது. கலைஞர் கனவு இல்லம் 3.50 லட்சம் ரூபாய் தருவது முன்னேற்றமே. எனினும் எந்தத் திட்டத்திலும் வெளிப்பூச்சு முடியாத வீட்டை முடிந்த வீடாகக் கணக்கில் எழுதக் கூடாது என்று நாம் கோர வேண்டும்.

2000-01-க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டப்பட்ட 2.5 லட்சம் ஊரக வீடுகளைச் சீரமைக்க 2,000 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை 2024-இல் மாநில அரசு அறிவித்தது. நம் தொகுப்பு வீடுகளில் பலவும் அந்தக் காலத்தவை. எந்த வீடு பட்டியலில் உள்ளது, எது விடுபட்டது, எதற்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒன்றிய அலுவலகத்திடம் கேட்பது மாணவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை.

இதைவிட ஆழமான சிக்கல் நிவாரண விதியில் இருக்கிறது. 2022-26 காலத்துக்கான மத்திய பேரிடர் நிவாரண விதிமுறையின்படி, பகுதியாகச் சேதமான கல்வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். ஆனால் சேதம் குறைந்தது 15 விழுக்காடு இருக்க வேண்டும். ஆண்டுக்காண்டு மழையில் சிறிது சிறிதாகக் கரையும் சுவர் இந்த அளவை ஒரே மழையில் எட்டுவதில்லை. எட்டும் நாளில் அது இடிந்திருக்கும். மேலும், வீடு அனுமதி பெற்ற கட்டுமானம் எனத் தகுதியுள்ள அலுவலர் சான்றளிக்க வேண்டும். ஏரிப் புறம்போக்கிலும் மேய்க்காலிலும் தலைமுறைகளாகக் குடியிருந்தும் பட்டா பெறாதவர் இந்த வரியிலேயே வெளியே தள்ளப்படுகிறார். தொழிற்சாலைக்காக நிலத்தின் விலை ஏறிய பகுதியில், பட்டா இல்லாத வீட்டுக்கு எவரும் துணிந்து பூச்சு வேலை செய்வதில்லை. நாளை அகற்றப்படலாம் என்ற அச்சமே சுவரைப் பூசவிடாமல் வைத்திருக்கிறது.

சட்டம் நமக்குத் துணையாக நிற்கும் இடமும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் தலித் மக்களுக்கு வீடு கட்ட நிலம் எடுத்ததை நில உடைமையாளர்கள் எதிர்த்த சமேலி சிங் வழக்கில், உச்ச நீதிமன்றம் அந்த எதிர்ப்பைத் தள்ளுபடி செய்தது. தங்குமிடம் என்பது தலைக்கு மேல் ஒரு கூரை மட்டுமன்று; பாதுகாப்பான கட்டடம், போதிய இடம், வெளிச்சம், தூய காற்று, நீர் யாவும் அதில் அடங்கும் என்றும் கூறியது. பாதுகாப்பான கட்டடம் என்ற சொல்லுக்குள் புறச்சுவர் வந்துவிடுகிறது.

ஆகவே நமது வேலை ஆவணத்தில் தொடங்குகிறது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகள் இரண்டும் பருவமழைக்கு முன்பே வருகின்றன. அதற்குள் ஒவ்வொரு வீட்டின் நான்கு புறச்சுவர்களையும் தேதியுடன் படமெடுத்து, விரிசலையும் ஈரத்தையும் ஷீட்டையும் பட்டா நிலையையும் ஒரே பட்டியலில் எழுதித் தீர்மானமாகப் பதியச் சொல்ல வேண்டும். நகலை ஆட்சியரின் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பெற வேண்டும். மழைக்குப் பின் எடுக்கும் படம் சேதத்தை மட்டும் காட்டும். மழைக்கு முன் கொடுத்த மனு, அரசு அறிந்திருந்தது என்பதைக் காட்டும். வழக்கில் இந்த வேறுபாடு பெரிது. சட்டப்பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவின்படி, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதையும் நம் மக்களுக்குச் சொல்ல வேண்டும்.

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில், தனியார் எழுப்பிய மதில் மழையில் சரிந்து வீடுகளின் மேல் விழுந்ததில் 17 பேர் உறக்கத்திலேயே மாண்டனர். அடுத்தவரின் சுவருக்கு உறுதி இருந்ததா என்று நாடு அன்று கேட்டது. நம் வீட்டுச் சுவருக்கு உறுதி இருக்கிறதா என்ற கேள்வியை, அடுத்த மழை வருவதற்கு முன் நாம் எழுத்தில் கேட்டுவைக்க வேண்டும்.