தண்ணீர் வராத தெருவிலும் டெங்கு வரும்

“மழையே இல்லையே, டெங்கு எப்படி வரும்?” என்ற கேள்வி ஒவ்வொரு கோடையிலும் எழுகிறது. 2012இல் கடையநல்லூர் வட்டாரத்தை டெங்கு ஆட்டிப்படைத்தது மே மாத வெயிலில்தான். குழாயில் வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் வீடெல்லாம் ட்ரம்களில் பிடித்து வைக்கிறார்கள். ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். வெயில் ஏற ஏற முட்டை கொசுவாவதும், கொசுவின் உடலில் வைரஸ் பெருகுவதும் விரைவாகின்றன. பருவம் தப்பிய மழை மீதியைப் பார்த்துக்கொள்கிறது. 2017இல் தமிழகத்தில் 23,000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். 65 பேர் இறந்தனர்.

ட்ரம்முக்குள் எட்டிப் பார்த்தால், நீர்மட்டத்தை ஒட்டிக் கரும்புள்ளிகள் தெரியும். அவை முட்டைகள். தண்ணீரைக் கொட்டினாலும் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி நனைந்ததும் பொரியும். வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவியே ஆக வேண்டும். தெருவே திரண்டு கேட்கும் புகைமருந்தோ பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும், புழுவைத் தொடாது.

பூட்டிய மனையிலும் பாதியில் நின்ற கட்டடத்திலும் தேங்கும் நீருக்கு வாய்மொழிப் புகார் உதவாது. நகரமானால் நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையருக்கும், கிராமமானால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் மனு எழுத வேண்டும். கதவு எண், தெரு, வார்டு, தேதி, புகைப்படம் ஆகியவை அவசியம். சென்னைவாசிகள் 1913 என்ற தொலைபேசி எண்ணில் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அலுவலகத்தை விட்டு நகரக் கூடாது. “ஆள் அனுப்புறோம், போங்க” என்பது ஒப்புகை ஆகாது. ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் அந்தச் சீட்டின் நகலோடு மனு கொடுக்கலாம். அதற்கும் அசையாவிட்டால், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டம் 6(1) பிரிவின்படி, அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலரிடம் ஒரே கேள்வி: “இன்ன தேதியிட்ட என் மனுவின் மீது எடுத்த நடவடிக்கையின் நகல் தருக.” 30 நாளில் பதில் தர அவர் கடமைப்பட்டவர்.

காய்ச்சல் வந்தால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவது பெரும் தவறு. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மூன்றும் ரத்தக்கசிவைத் தூண்டக்கூடும். முதல் ஐந்து நாளில் என்.எஸ்.1, அதன்பின் ஐ.ஜி.எம். எலைசா என்று அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கலாம்.

காய்ச்சல் விட்டதும் “சரியாப்போச்சு” என்று நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போகாதீர்கள். டெங்குவின் ஆபத்தான கட்டம் அப்போதுதான் தொடங்குகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நடுராத்திரியானாலும், 108ஐ அழையுங்கள்.