கீறத் தெரிந்தவர்கள்

யாழ்ப்பாணத்துப் பேச்சிலே படம் 'வரைவது' குறைவு; நாங்கள் படம் 'கீறுவோம்'. தமிழ்நாட்டு அன்பர் ஒருவர் இதைக் கேட்டால் காகிதத்தைக் கிழிக்கப் போகிறோமோ என்று திகைக்கவும் கூடும். ஆனால் படம் கோட்டிலிருந்து பிறக்கிறது என்பதை அந்தச் சொல் நன்றாகவே பிடித்து வைத்திருக்கிறது. பாலர் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கீறும். க.பொ.த. சாதாரண தரத்துக்கு வரும்போது, சித்திரத்தைப் பாடமாக எடுத்த சிலரைத் தவிர மற்றெல்லோரும் 'எனக்குக் கீற வராது' என்று சொல்லப் பழகிவிடுகிறார்கள். பிறகு ஆயுள் முழுவதும் அதுவே தீர்ப்பு. இந்தத் தீர்ப்பைச் சற்று விசாரிப்பதே இன்றைய உரையின் நோக்கம்.

நல்லூரிலிருந்தே தொடங்குவோம். கந்தசுவாமி கோயில் மகோற்சவம் 25 நாள். அந்நாட்களில் வீதி மணலில் நடந்து வருபவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'நேற்றையிலும் பார்க்க இண்டைக்குச் சாத்துப்படி திறம்' என்பார் ஒருவர். 'மாலை கூடிப்போச்சு, முகம் தெரியேல்லை' என்பார் மற்றவர். பட்டின் நிறம், பூவின் நிறம், விளக்கொளியில் இரண்டும் சேர்ந்த விதம், போன வருடத்தோடு ஒப்பீடு எல்லாம் அந்தப் பேச்சில் வந்துவிடும். இதற்குக் கலை விமரிசனம் என்ற பெயரை நாம் கொடுப்பதில்லை, ஆனால் வேறென்ன? தேர்த்திருவிழாவன்று பச்சை சாத்தி முருகன் தேரிலிருந்து இறங்கும்போது அவ்வளவு சனமும் ஒரு நிறத்துக்காகக் காத்து நிற்கிறது. பக்தியை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும், ஒரு நிறம் மனிதருக்கு என்ன செய்யும் என்பதற்கு இதிலும் நல்ல பாடம் எந்தச் சித்திர வகுப்பிலும் கிடையாது.

கண்ணுக்கு இருக்கும் தேர்ச்சி கைக்கும் உண்டு. தென்னங்குருத்துத் தோரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலத் தோரணத்துக்கு நான்கு குருவி, அமங்கலத்துக்கு மூன்று குருவி. தெருவால் போகிறவர் படலையில் தொங்கும் ஓலையைப் பார்த்த மாத்திரத்தில் உள்ளே கலியாணமா, செத்தவீடா என்று அறிந்துகொள்வார். இலையை மடித்துக் கிழித்து இவ்வளவு செய்தியை அதில் ஏற்றுகிறவரிடம் 'நீங்கள் ஓவியரா?' என்று கேட்டால் சிரிப்பார். சாயமேற்றிய பனையோலையில் நிறம் மாற்றி மாற்றிப் பெட்டி இழைக்கும் பன்ன வேலைக்காரியும் அப்படியே.

'ஓவியர்' என்ற சொல்லுக்கு நம்மிடையே வேறொரு வரலாறு உண்டு. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ்.ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்தில் 'வின்ஸர் ஆட் கிளப்' என்ற கழகத்தைத் தொடங்கினார். இலங்கையின் பிரதம சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய சி.எப். வின்ஸரின் பெயர் அது. அதற்குப் பின்வந்த தலைமுறையில் அ. மாற்கு முக்கியமானவர். குருநகரில் 1933 இல் பிறந்தவர். அவர் முன்னின்று நடத்திய விடுமுறைக்கால ஓவியர் கழகத்தின் பெயரே ஒரு கொள்கை: வேலைநாளில் வேலை, விடுமுறையில் தூரிகை. இளைஞர்கள் பலர் அவரிடம் கற்றார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே இடம்பெயர்ந்தபோது மாற்குவும் வெளியேறினார். அவருடைய ஓவியங்கள் பல அழிந்துபோயின. 2000 ஆம் ஆண்டில் மன்னாரில் அவர் காலமானார். சைக்கிளில் அரிசியையும் பாயையும் கட்டிக்கொண்டு போன அந்த இரவில் ஓவியத்தை யார் தூக்குவது? அதற்காக எவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இழப்பு இழப்புத்தான்.

அந்த இரவில் வீடுகளும்தான் விடப்பட்டன. அவை படமாகத் திரும்பி வந்த கதையை இனிச் சொல்ல வேண்டும். யாழ். பல்கலைக்கழக நுண்கலைத்துறையைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன் 2011 இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். தலைப்பைத் தமிழில் 'முற்றுப்பெறாத தோம்பு' எனலாம். தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் காணி விவரங்களைப் பதிந்து வைத்த ஏடு; அரசு தன் வரிக்காக எழுதியது. சனாதனனின் தோம்பை எழுதியவர்கள் வேறு. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழரும், 1990 இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், தாம் இழந்த வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தம் கையாலேயே கீறிக் கொடுத்தார்கள். அத்தகைய 80 படங்கள். ஒவ்வொன்றோடும் அவர்களுடைய நினைவுக் குறிப்பு, அதே வீட்டுக்குக் கட்டடக் கலைஞர் அளவாக வரைந்த படம், பிறகு சனாதனனின் சொந்த ஓவியம் என்று நூல் அடுக்கப்பட்டிருக்கிறது. பார்வைக்குக் கந்தோர்க் கோவை போல இருக்கும்.

கட்டடக் கலைஞரின் கோடு சுத்தமானது. சனாதனனின் ஓவியம் ஆழமானது. எனினும் என் மனம் போவது முதல் தாளுக்கே. மறக்க முடியாதது பெரிதாகவும் பழக்கமில்லாதது சிறிதாகவும் வருவது கைக்கோட்டின் இயல்பு. அளவு பிழைத்தது என்று அதைத் திருத்துகிறவர், கீறியவர் சொல்லவந்ததையே அழித்துவிடுவார். உறுதி தொலைந்திருக்கலாம், கூரை போயிருக்கலாம், விறாந்தையிலிருந்து குசினிக்கு எத்தனை அடி என்பதைக் கால் மறக்கவில்லை. 'கீற வராது' என்ற தீர்ப்பு இந்த இடத்தில் நிற்காது. அவர்களிடம் அழகான படம் எவரும் கேட்கவில்லை. உங்கள் வீடு எப்படி இருந்தது என்றுதான் கேட்டார்கள். கேள்வி மாறியதும் கை கீறியது. பள்ளிக்கூடத்தில் நாம் பிள்ளைகளிடம் கேட்பது பெரும்பாலும் முதலாவது கேள்வியை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நேயர்களே, ஒரு கொப்பித் தாளும் பென்சிலும் போதும். நீங்கள் பிறந்து வளர்ந்த வீட்டைக் கீறிப் பாருங்கள். அது இன்று நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் கிணற்றடியில் தொடங்குங்கள். வேலி எந்தப் பக்கம், படலை எந்தப் பக்கம், மாமரத்து நிழல் பின்னேரத்தில் எதுவரை வரும் என்பவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். கீறி முடித்ததும் வீட்டிலுள்ள பிள்ளையிடம் கொடுங்கள். இது என்ன, அது என்ன என்று கேட்கும்.