கார் ஷெட்டை ரூமா மாத்தப்போறீங்களா? முதல்ல உயரத்தை அளங்க!

வீட்டுல கார் ஷெட் இருக்கு. ஆனா, கார் இல்லை. பழைய சைக்கிளும் அட்டைப்பெட்டிகளும்தான் கிடக்குது. 'இதையே ஒரு ரூமாக்கிட்டா என்ன?'னு தோணுதா? நல்ல ஐடியாதான். ஆனா பெயின்ட், ஏ.சி பத்தி யோசிக்கிறதுக்கு முன்னாடி, கையில டேப்பை எடுங்க.

கார் ஏறி இறங்க வசதியா, ஷெட் தரையைத் தெருவைவிட லேசான உயரத்துலதான் போட்டிருப்பாங்க. ஐப்பசி மழையில தண்ணி முதல்ல எட்டிப் பார்க்கிறது அங்கதான். அதனால தரையை உயர்த்தணும். தரை ஓர் அடி ஏறினா, ரூம் உயரத்துல ஓர் அடி போச்சு! தேசியக் கட்டட விதித்தொகுப்புப்படி, வசிக்கும் அறைக்குக் குறைந்தபட்சம் 2.75 மீட்டர் உயரம் வேணும். அதாவது, சுமார் 9 அடி. உயர்த்தின பிறகு அது மிஞ்சாதுன்னா, ஷெட் ஸ்டோர் ரூமாவே இருக்கட்டும்.

அடுத்தது காற்று. இரும்பு ஷட்டரை அப்படியே விட்டா, மே மாசம் ரூம் தோசைக்கல்தான். அதை எடுத்துட்டு சுவர் எழுப்பி, ஜன்னல் வைங்க. சென்னை மாதிரி புழுக்கமான ஊர்ல தரைப் பரப்புல ஆறில் ஒரு பங்கு ஜன்னல் தேவை. 120 சதுர அடி ரூமுக்கு 20 சதுர அடி.

பைக், இன்வெர்ட்டர் பேட்டரி ரெண்டையும் வெளியே மாத்திடுங்க. பெட்ரோல் ஆவியும், பேட்டரி சார்ஜ் ஆகும்போது வர்ற ஹைட்ரஜனும் தூங்குற இடத்துல ஆபத்து.

முக்கியமா, அப்ரூவல் பிளான்ல அது 'பார்க்கிங்'னு இருக்கும். உள்ளாட்சி அலுவலகத்துல அனுமதி கேட்டுட்டு, அப்புறமா கொத்தனாரைக் கூப்பிடுங்க!