ஓசையின்றி உழைக்கும் உறுப்பு

நம் முதுகெலும்பின் இருபுறமும், விலா எலும்புகளின் கீழ்ப்பகுதியை ஒட்டி, அவரை விதை வடிவில் இரு சிறுநீரகங்கள் அமைந்துள்ளன. கைப்பிடி அளவே உள்ள இவை நாள்தோறும் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை இரத்தத்திலிருந்து வடிகட்டுகின்றன. உடலுக்கு வேண்டியவற்றை மீண்டும் இரத்தத்திற்கே அனுப்பிவிட்டு, எஞ்சிய கழிவை ஒன்றரை லிட்டர் அளவிலான சிறுநீராக வெளியேற்றுகின்றன.

நோவின்றி வளரும் நோய்

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் என்னும் நுண்வடிகட்டிகள் உள்ளன. அவற்றுள் சில பழுதுற்றால் மற்றவை அச்சுமையை ஏற்றுக்கொள்கின்றன. அதனால், பாதிக்கு மேற்பட்டவை செயலிழந்த பின்னரும் வலி தோன்றுவதில்லை. அழிந்த நெஃப்ரான்கள் மீண்டும் உருவாவதும் இல்லை. ஆகவே, நோவு இல்லை என்பதால் நோய் இல்லை எனக் கருதிவிட இயலாது. சிறுநீரகத்தைக் காப்பவையும் கெடுப்பவையும் நம் அன்றாடப் பழக்கங்களே.

உப்பும் நீரும்

அளவுக்கு மிஞ்சினால் அமிழ்தமும் நஞ்சு என்பது உப்புக்கும் பொருந்தும். ஒருவர் ஒரு நாளில் உண்ணும் உப்பு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஊறுகாய், அப்பளம், கருவாடு, பொட்டலத் தின்பண்டங்கள் ஆகியவற்றால் நாம் அறியாமலே இவ்வளவு மிகுகிறது. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது. உயர்ந்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களைச் சிதைக்கிறது.

காலையில் நிரப்பிய தண்ணீர்ப் புட்டியை மாலையில் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவரும் மாணவர்கள் பலர். கழிப்பறைக்குச் செல்ல நேருமே எனத் தயங்கி நீரருந்தாதிருப்போரும், சிறுநீரை அடக்கிக்கொள்வோரும் உண்டு. இவை கற்கள் உருவாகவும் நோய்த்தொற்று ஏற்படவும் வழிவகுக்கும். சிறுநீர் அடர்மஞ்சளாக இருப்பின், உடல் நீரைக் கேட்கிறது என்று உணரலாம். மாணவர் தயக்கமின்றிச் செல்லத்தக்க தூய கழிப்பறையும் சிறுநீரகப் பாதுகாப்பின் ஒரு பகுதியே.

மருந்தும் பரிசோதனையும்

தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் தாமே மாத்திரை வாங்கி உண்பது மற்றொரு தீய பழக்கம். இபுப்ரோஃபென், டைக்குளோஃபினாக் போன்ற வலிநீக்கிகள் சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக்கூடியவை. மருத்துவரின் அறிவுரையின்றி அவற்றை நெடுநாள் உண்பது தீங்கானது.

நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் சிறுநீரகச் செயலிழப்பின் முதன்மைக் காரணங்கள். இவை உள்ளோர் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சிறுநீரில் புரதத்தையும் ஆண்டுதோறும் பரிசோதித்துக்கொள்ளல் நன்று. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தால், பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தின் துணையால் இரத்தத்தைத் தூய்மைப்படுத்த நேரும். அல்லது மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டும்.

உறங்கும்போதும் ஓயாது உழைக்கும் இவ்வுறுப்பு, தன் துன்பத்தை உரைப்பதில்லை. அது உரைக்கும்வரை காத்திராமல், இன்றைய உணவிலிருந்தே நம் பழக்கத்தைத் திருத்திக்கொள்வோம்.