உடம்புக்குள் ஒரு கயிறு

செங்கல்லை வெறுமனே அடுக்கி வைத்தால் சுவர் நிற்குமா? நிற்காது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையே சாந்து வேண்டும். நம் உடம்பும் அப்படித்தான்.

நம் உடம்பு செல்களால் ஆனது. செல் மிகமிகச் சிறியது. பெரும்பாலான செல்களை வெறும் கண்ணால் பார்க்க முடியாது. மைக்ராஸ்கோப் வழியாகத்தான் பார்க்கலாம். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. இத்தனை செல்களும் சிதறாமல் எப்படிச் சேர்ந்திருக்கின்றன?

இரண்டு வகைப் பிடிப்புகள் உள்ளன.

முதலாவது, செல்லுக்கும் செல்லுக்கும் உள்ள பிடிப்பு. ஒரு செல்லின் மேற்பரப்பில் புரதங்கள் இருக்கின்றன. அவை பக்கத்துச் செல்லின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. பிள்ளைகள் கைகோத்து நிற்பதைப் போல நிற்கின்றன. தோலில் இந்தப் பிடிப்பு மிகவும் பலமானது. அதனால்தான் தினமும் துணி துவைத்தாலும், பாத்திரம் துலக்கினாலும் தோல் பிய்ந்துபோவதில்லை.

இரண்டாவது, செல்லுக்கும் அதைச் சுற்றியுள்ள நாருக்கும் உள்ள பிடிப்பு. இந்த நாரின் பெயர் கொலாஜன். தோலின் அடியிலும், எலும்பிலும், பல் ஈறிலும், ரத்தக் குழாயின் சுவரிலும் இது உண்டு. செல்களே இதை உண்டாக்கி வெளியே விடுகின்றன. பிறகு இதையே பிடித்துக்கொண்டு நிற்கின்றன. சிலந்தி தானே வலை பின்னி அதிலேயே தங்குகிறது அல்லவா? அதுபோலத்தான்.

இந்த நார் எப்படி அமைந்திருக்கிறது? சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தா என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஆராய்ந்தார்கள். 1954, 1955-ஆம் ஆண்டுகளில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். மூன்று இழைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று சொன்னார்கள். கயிறு திரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை நார் சட்டென்று அறும். பல நார்களை முறுக்கித் திரித்த வடம் தேரையே இழுக்கும்.

உடம்புக்குள் இருக்கும் இந்தக் கயிறு உறுதியாக அமைய வைட்டமின் சி தேவை. ஆடும் மாடும் இந்தச் சத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும். மனித உடம்பால் அது முடியாது. நாம் உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

பல வாரங்கள் இந்தச் சத்து கிடைக்காவிட்டால் கயிறு தளரும். ஈறு வீங்கி ரத்தம் கசியும். பல் ஆடும். புண் ஆறாது. இந்த நோயின் பெயர் ஸ்கர்வி. கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

முன்காலத்தில் மாதக்கணக்கில் கடலில் சென்ற மாலுமிகள் பலர் இந்த நோயால் இறந்தார்கள். கப்பலில் பழமோ காய்கறியோ அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1747-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கப்பல் மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயுற்ற 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொரு விதமான மருந்து கொடுத்தார். ஒரு ஜோடிக்கு மட்டும் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்தார். அந்த இருவரும்தான் மற்றவர்களைவிட வேகமாகத் தேறினார்கள். ஒருவர் ஆறே நாளில் வேலைக்குத் தயாரானார்.

வைட்டமின் சி-க்காக விலை உயர்ந்த பழம் வாங்க வேண்டியதில்லை. நெல்லிக்காயில் ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி இருக்கிறது. கொய்யா, முருங்கைக் கீரை, எலுமிச்சை ஆகியவற்றிலும் உண்டு.

இந்தச் சத்து சூட்டில் குறையும். தண்ணீரிலும் கரையும். ஆகவே காயைக் கழுவிய பிறகு நறுக்குங்கள். கீரையை அதிக நேரம் வேகவிடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழியுங்கள்.

ஈறில் அடிக்கடி ரத்தம் கசிகிறதா? புண் ஆறத் தாமதமாகிறதா? இவற்றுக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவரிடம் காட்டுங்கள்.