கவனம், பிள்ளையள்! நட்டத்தை மறைக்கக் கடன் எடுக்காதேங்கோ!

சின்னதாக ஒரு தொழில் தொடங்கியிருக்கிறீங்களா? தூள், ஒடியல்மா, தையல், கோழி, எதுவானாலும் சரி. இதை வாசித்துவிட்டுப் போங்கோ.

முதல் அடி விழுந்த நாளை எல்லாரும் எப்படியோ தாண்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற மூன்று மாதம்தான் ஆளை விழுத்தும்.

புத்தூர்ப் பக்கத்தில் ஒரு தங்கச்சி. பெயர் வேண்டாம். மிளகாயும் சரக்கும் வறுத்து, மில்லில் அரைப்பித்து, பையில் அடைத்து அச்சுவேலி, ஆவரங்கால் கடைகளுக்குக் கொடுத்துவந்தாள். நல்ல கைப்பக்குவம். ஒரு கார்த்திகை மழையில் மிளகாய் சரியாகக் காயவில்லை. அரைத்த தூளைச் சூடு ஆறமுன்னம் அடைத்தும் விட்டாள். 60 பை கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துத் திரும்பி வந்தது. பை 300 ரூபா. நட்டம் 18,000.

கடைக்கார ஐயா நாலு பேருக்கு முன்னால் சொன்னார்: "பிள்ளை, ஈரம் போகாமல் அடைச்சிருக்கிறாய். எடுத்துக்கொண்டு போ." அதை யாரோ படம் எடுத்து முகநூலிலும் போட்டுவிட்டார்கள்.

அவ்வளவுதான் நடந்தது. மிச்சம் எல்லாம் அவளாகச் செய்தது.

அந்தக் கடை வாசலை மிதிக்கவில்லை. புருஷனுக்குச் சொல்லவில்லை. "சனத்துக்கு முன்னாலை விழுந்திட்டன், எழும்பிக் காட்டோணும்" என்று நுண்கடன் நிறுவனம் ஒன்றில் ஒரு இலட்சம் கிழமைக் கடன் எடுத்துச் சொந்தமாக அரைக்கிற மெசின் வாங்கினாள். மெசின் புதிது. காயவைக்கிற முறை பழையதுதான்! விற்கக் கடையும் இல்லை. எட்டாம் கிழமை தவணை தவறியது. அதைக் கட்ட இன்னொரு நிறுவனம். அதைக் கட்ட நாளுக்கு நாள் ஏறுகிற மீற்றர் வட்டி. பிறகு தாலிக்கொடி அடைவுக்குப் போனது. கடைசியில் பிணை நின்ற இரண்டு பெண்களின் முற்றத்தில் தவணை கேட்டு ஆள் வந்து குந்தியிருந்தார்.

18,000 ரூபா நட்டம் நாலு இலட்சம் கடனாகிவிட்டது.

அந்தக் கடைக்காரர் பிறகு சொன்னது இன்னும் என் நெஞ்சில் நிற்கிறது: "காயவைச்சுக் கொண்டு வருவாள் எண்டு ரெண்டு மாதம் அந்தத் தட்டை வெறுமையா வைச்சிருந்தன்."

கிழமைக் கடனின் கணக்குத் தெரியுமா? ஒரு இலட்சம் எடுத்து, கிழமைக்கு 2,600 ரூபாப்படி 52 கிழமை கட்டினால் 1,35,200. "35 வீதம்தானே" என்பீர்கள். இல்லை! முதல் கிழமையே முதலும் சேர்ந்து திரும்பிப் போகத் தொடங்குகிறது. வருடம் முழுக்க உங்கள் கையில் சராசரியாக நிற்பது அரை இலட்சம் அளவுதான். அதற்கு 35,200 வட்டி. உண்மையான வட்டி 60 வீதத்தைத் தாண்டும்.

கதை என்று நினைக்காதேங்கோ. 2018 இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. நிபுணர் ஜுவான் பாப்லோ போஹொஸ்லாவ்ஸ்கி, சில நுண்கடன்களின் வட்டி 220 வீதம்வரை போவதாகச் சொன்னார். அதே ஆண்டு, வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவரையான நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசு முன்வந்தது. 2021 மார்ச் 8 தொடங்கி ஹிங்குராக்கொடையில் பெண்கள் 50 நாளுக்கு மேல் தெருவோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எல்லாம் இந்த மாதிரி நுண்கடனால்தான்.

எங்களுக்குப் பக்கத்தில்தானே நிலாவரைக் கிணறு. மேலே நன்னீர், ஆழத்தில் உவர். எங்கள் சுண்ணக்கல்லுக்குள் மழைத்தண்ணி கடல்தண்ணிக்கு மேலே மிதந்துகொண்டு நிற்கிறது. கிணறு வற்றுகிறதென்று பெரிய பம்பைப் போட்டு இறைத்தால் கீழிருந்து உவர் ஏறிவிடும். தோட்டக்காரருக்கு இது தெரியும். பம்பை நிற்பாட்டி ஊறவிடுவார்கள்.

நட்டப்பட்ட கையோடு எடுக்கிற கடன், அந்தப் பெரிய பம்ப்!

இந்த அறிகுறிகள் உங்களிடம் இருக்கிறதா?

1. கணக்குக் கொப்பியைத் திறக்கப் பயம்.

2. ஒரு கடையைத் தவிர்க்க வேறு ஒழுங்கையால் சுற்றிப் போகிறீர்கள்.

3. குறை சொன்ன எல்லாரும் எரிச்சல்காரர் என்று படுகிறது. இது மிக ஆபத்து! அவர்களில் ஒருவர் உண்மையைச் சொல்லியிருப்பார்.

4. தவணைப் புத்தகம் உடுப்புக்கு அடியில் ஒளிந்திருக்கிறது.

5. கடன் கட்டக் கடன். இரண்டாவது கையெழுத்திலேயே நில்லுங்கோ!

6. "வட்டி எத்தனை வீதம்?" என்று கேட்டால், "கிழமைக்கு இவ்வளவுதான் அக்கா" என்று மட்டும் பதில் வருகிறது.

7. காசு இல்லாத கணக்குக்குச் செக் எழுதுகிறீர்கள். திரும்பினால் வழக்கு. சிறையும் உண்டு.

8. நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை, "நான் இல்லாட்டி நல்லது" என்ற நினைப்பு வருகிறது. ஒரு நிமிசமும் பொறுக்க வேண்டாம். 1926 க்கு எடுங்கோ, தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கோ.

என்ன செய்யலாம்?

ஒரு மாதம் புதுக்கடன் வேண்டாம். ஊறட்டும்.

ஊர்க்கதையை இரண்டாகப் பிரியுங்கோ. "தூள் ஈரம்" என்றால் அது பொருளைப் பற்றியது, கொப்பியில் எழுதுங்கோ. "இவளுக்கு ஏன் உந்த வேலை" என்றால் அது உங்களைப் பற்றியது, படலைக்கு வெளியே விட்டுவிட்டு வாங்கோ. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டினால் நல்ல புத்தியும் குப்பையோடு போய்விடும்.

பத்துப் பை மட்டும் சரியாகக் காயவைத்து, ஆறவிட்டு, குறை சொன்ன அதே கடைக்குக் கொண்டு போங்கோ.

ஏற்கெனவே சிக்கிவிட்டீர்களா? ஒளிக்காமல் நிறுவனத்திடமே போய்த் தவணையை மாற்றிக் கேளுங்கோ. நடத்தை மோசமென்றால் மத்திய வங்கியின் 1935 இலக்கம் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் முதல், இண்டைக்கு இரவு அந்தக் கொப்பியைத் திறவுங்கோ. வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டு திறவுங்கோ. 18,000 என்று வாயால் சொல்லுங்கோ. சொல்லிவிட்டால் அது 18,000 தான்.