மழுங்கிய செயினா, முடிந்த செயினா?

2021 மே மாதம் டவ்தே புயலில் மும்பையில் மரங்கள் சாய்ந்தது நினைவிருக்கும். அதற்குப் பிறகு எங்கள் சொசைட்டியில் சொந்தமாகவே மரம் அறுக்கும் மெஷின் ஒன்று, அதாவது செயின் சா, வாங்கி வைத்தோம். (கிளை வெட்டுவதற்கும் மாநகராட்சியிடம் அனுமதி வாங்க வேண்டும், 1975-ஆம் வருஷத்து மகாராஷ்டிரச் சட்டம். அது தனிக் கதை.) மெஷின் வந்த நாளாகக் கமிட்டியில் ஒரே வாக்குவாதம். "செயின் போய்விட்டது, புதுசு வேண்டும்" என்பார் தோட்டக்கார மாலி. "போன வருஷம்தானே வாங்கினோம்" என்பார் பொருளாளர். யார் சொல்வது சரி என்பதைச் செயினே சொல்லும். பார்க்கத் தெரிந்தால் போதும்.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்த சாமான் எதைக் கண்டாலும் முதல் கேள்வி, ரிப்பேரா, கண்டமா என்பதுதான். செயினுக்கும் அதே கேள்வி. மழுங்குவது வேறு, முடிந்துபோவது வேறு. மழுங்கியதற்கு அரம் போதும்.

மழுங்கியதை அறிய அறுபட்டு விழுவதைப் பாருங்கள். கூரான செயின் மரத்தைச் சீவித் தள்ளும். கீழே சீவல் சீவலாக விழும். மழுங்கிய செயின் தேய்க்கும். மாவு மாதிரித் தூள் கொட்டும். (உளுத்த மரமானால் கூரான செயினிலும் தூள்தான் வரும்.) கூரான செயின் தானே மரத்துக்குள் இறங்கும். ஆள் மெஷினை அழுத்த வேண்டியிருந்தால் பல் வேலை செய்யவில்லை. புகை வந்தால் உடனே நிறுத்தி, செயின் ஆயில் வருகிறதா என்றும் பாருங்கள்.

இந்தச் செயினின் பல்லுக்கு ஒரு சுவையான பூர்வீகம் உண்டு. 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்ற மரவேலைக்காரர், ஒரு வண்டின் புழு கட்டையை இடமும் வலமுமாகக் கடித்து எளிதாகக் குடைந்து போவதைக் கவனித்தார். அதைப் பார்த்துத்தான் இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்னத் திமில் இருக்கும். பல் ஒரு தடவைக்கு எவ்வளவு மரம் கடிக்கலாம் என்பதை அதுதான் நிர்ணயிக்கிறது. பெரும்பாலான செயின்களில் அது பல்லின் நுனியைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதைக் கண்டபடி ராவிவிட்டால் பல் அதிகமாகக் கடித்து, மெஷின் ஆளின் முகத்தை நோக்கி எகிறும்.

இனி, எப்போது கண்டம்? ரயில் சக்கரத்தின் பக்கவாட்டில் தேய்மான எல்லைக்கு ஒரு கோடு வெட்டியிருக்கும். அதேபோல நல்ல கம்பெனிச் செயின்களில் பல்லின் மேல் சாய்வாக ஒரு கோடு பொறித்திருப்பார்கள். ராவி ராவி அந்தக் கோட்டுக்கு வந்ததும் செயினின் ஆயுள் முடிந்தது. கோடு இல்லாவிட்டால், பல்லின் மேல்தகடு 4 மி.மீ. நீளத்துக்கு வந்ததும் தூக்கிப் போடலாம்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று. எல்லாப் பல்லும் ஒரே நீளம் இருக்க வேண்டும். ஆகவே மற்றவற்றை மிகக் குட்டையான பல்லின் அளவுக்கு ராவ வேண்டும். நம் ஊர்களில் மரத்தில் ஆணி இல்லாத இடம் ஏது? போர்டு ஆணி, சீரியல் லைட் ஆணி, துணிக்கொடி ஆணி. ஒரு ஆணியில் பட்டு ஒரு பல் கோடுவரை சிதைந்தால், மற்ற பற்கள் நீளமாக இருந்தும் செயின் முடிந்ததுதான். பல் உடைந்தாலோ, இணைப்புத் தகட்டில் மயிரிழை விரிசல் கண்டாலோ பேச்சே வேண்டாம். செயின் விநாடிக்கு சுமார் 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அந்த வேகத்தில் அறுந்தால் சவுக்குபோல வீசும்.

அடுத்தது நீளம். "செயின் இழுபட்டுவிட்டது" என்கிறோம். உண்மையில் இரும்பு இழுபடவில்லை, ரிவெட்டும் அதன் ஓட்டையும் தேய்கின்றன. 16 அங்குல மெஷினின் செயின் ஒன்றில் 112 ரிவெட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 0.05 மி.மீ. தேய்ந்தாலே மொத்தம் 5.6 மி.மீ. கூடிவிடும். டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகியும் செயின் தொங்கினால் மாற்ற வேண்டியதுதான். சில கடைகளில் இரண்டு கண்ணிகளைக் கழற்றிவிட்டு, மறுபடி ரிவெட் அடித்துக் கொடுப்பார்கள். செய்யாதீர்கள். தொங்கல் போகுமே தவிர, ஒவ்வொரு கண்ணியின் இடைவெளியும் கூடியிருப்பது அப்படியேதான் இருக்கும். பல்சக்கரத்தில் அது சரியாக உட்காராது. சக்கரத்தையும் சேர்த்துக் கெடுக்கும்.

அந்தச் சக்கரத்தில் 0.5 மி.மீ. ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இரண்டு செயினுக்கு ஒரு சக்கரம் என்பது நல்ல கணக்கு. செயினை நன்றாகத் தீட்டிய பிறகும் வெட்டு ஒரு பக்கமாக வளைந்து போனால், செயின் ஓடும் பார் ஒருபக்கம் தேய்ந்திருக்கலாம். பாரை அவ்வப்போது தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டும்.

கடைக்குப் போகும்போது பழைய செயினைக் கையோடு எடுத்துப் போங்கள். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளின் தூரத்தில் பாதிதான் பிட்ச்; அதோடு பாரின் பள்ளத்து அகலமும், உள்பக்கக் கண்ணிகளின் எண்ணிக்கையும் பொருந்த வேண்டும். புதுச் செயினைக் கொஞ்சநேரம் வெறுமனே ஓடவிட்டு, மறுபடி இறுக்க வேண்டும். வேலை முடிந்ததும் தளர்த்தி வையுங்கள். சூட்டில் நீண்டது ஆறும்போது சுருங்கி மெஷினின் ஷாஃப்டை இழுக்கும். இதையெல்லாம் பார்க்கும்போது என்ஜினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டிருக்க வேண்டும்.

சொந்த மெஷின் இல்லாத சொசைட்டிகளில் கான்ட்ராக்டில் ஒருவர் தன் மெஷினோடு வருவார். செயின் செலவு அவர் தலையில், கூலியோ நாள் கணக்கு. ஆகவே கண்டமான செயினையும் அவர் இன்னும் ஒரு மரம், இன்னும் ஒரு மரம் என்று ஓட்டுவார். ஏணியில் நின்று மழுங்கிய மெஷினை அழுத்துகிறவர் அவர்தான். பேரம் பேசும் முன் செயினைக் காட்டச் சொல்லுங்கள். கோட்டுக்கு வந்திருந்தால் புதுச் செயினுக்கான பணத்தைக் கூலிக்கு மேலே கொடுத்து, மாற்றிய பிறகு மரத்தில் ஏறச் சொல்லுங்கள். எங்கள் கமிட்டியில் இதற்குப் பொருளாளர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த பொதுக்குழுவில் மறுபடி எழுப்புவதாக இருக்கிறேன்.